சிக்னல்ல கார் ஆஃப் ஆகுதா? புது கார் லோனுக்கு முன்னாடி 500 ரூபாய் செலவு பண்ணுங்க

பழைய கார் வச்சிருக்கிற ஒருத்தர், புது கார் லோனுக்கு எவ்வளவு எலிஜிபிலிட்டின்னு போன்ல தேடிப் பார்க்கிற நாள் எது தெரியுமா? பெரும்பாலும் அவரோட கார் சிக்னல்ல மூணாவது தடவை ஆஃப் ஆன நாள்தான். பின்னாடி பஸ் ஹாரன் அடிக்குது, ஏசி நின்னு வியர்க்குது, பைக்ல போறவர் திரும்பிப் பார்த்துட்டுப் போறார். அன்னைக்கு ராத்திரியே "இந்த வண்டி அவ்வளவுதான்"னு முடிவு பண்ணி, அஞ்சு வருஷ இஎம்ஐக்கு மனசு தயாராகிடுது.

நான் மெக்கானிக் இல்ல, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். ஆனா இந்த விஷயத்துல சம்பளக்காரங்க இழக்கிற பணத்தைப் பார்த்தா, இது மெக்கானிக் சப்ஜெக்ட் மட்டும் இல்லன்னு தோணுது. என் கருத்து இதுதான்: என்ன கோளாறுன்னு தெரியாமலே பார்ட்ஸ் மாத்துறதும், என்ன கோளாறுன்னு தெரியாமலே காரை மாத்துறதும் ஒரே தப்போட ரெண்டு சைஸ். முதல்ல கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கொடுங்க. அதுக்கு அப்புறம்தான் மாத்துறதுக்கு.

இந்தப் பதிவு 10 - 15 வயசான பெட்ரோல் கார்களைப் பத்தினது. டீசலும், ரொம்பப் பழைய கார்பரேட்டர் வண்டியும் வேற கதை.

## முதல்ல, ஐடிலிங்னா என்ன?

நீங்க ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானா ஓடிக்கிட்டே இருக்கணும். அதைத்தான் ஐடிலிங்னு சொல்றோம். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்ல "ஸ்லோ ஸ்பீடு"ன்னும் சொல்வாங்க. இன்ஜின் சூடான பிறகு பெரும்பாலான பெட்ரோல் கார்ல இது நிமிஷத்துக்கு 700ல இருந்து 900 சுற்று வரைக்கும் இருக்கும்.

இந்த நிலைமையில இன்ஜினுக்கு ரொம்பக் கொஞ்சம் காத்து, ரொம்பக் கொஞ்சம் பெட்ரோல்தான் போகுது. மாசக் கடைசியில அக்கவுண்ட்ல 800 ரூபாய் வச்சு ஓட்டுறது மாதிரி. 80,000 இருக்கும்போது ஒரு 200 ரூபாய் காணாமப் போனா தெரியாது. 800 இருக்கும்போது 200 போனா அன்னைக்குச் சாப்பாடு இடிக்கும். அதே மாதிரி, ஹைவேல 80ல போகும்போது ஒரு சின்ன காத்துக் கசிவையோ கொஞ்சம் கார்பனையோ இன்ஜின் சமாளிச்சிடும். சிக்னல்ல நிக்கும்போது சமாளிக்க முடியாது. அதுவும் ஏசி கம்ப்ரஸர் ஆன் ஆகி, ஸ்டியரிங்கையும் ஒடிச்சா, அந்த லோடையும் சேர்த்துத் தாங்கணும்.

அதனாலதான் "ஓட்டும்போது நல்லா இருக்கு, நின்னாத்தான் ஆஃப் ஆகுது"ன்னு சொல்ற வண்டியில, பெரும்பாலும் இன்ஜின் செத்துப் போயிருக்காது. சின்னதா ஏதோ ஒண்ணு கெட்டிருக்கும், அது சின்ன வேகத்துல மட்டும் வெளியே தெரியும். இதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதிப் பயம் போயிடும்.

## ஒரு பில்லை ஆடிட் பண்ணலாம்

என் ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர், கைக்கு வர்ற சம்பளம் 38,000. அப்பா வாங்கின 2013 மாடல் ஹாட்ச்பேக், 90,000 கிலோமீட்டர் ஓடினது. ஏசி போட்டு சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்கும், சில சமயம் ஆஃப் ஆகிடும். செக் இன்ஜின் லைட்டும் எரியுது. நாலு தடவை ஒரே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கார். பில் எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லி வரிசையா வச்சுப் பார்த்தோம்.

- முதல் தடவை: ஸ்பார்க் பிளக் செட், ஏர் ஃபில்டர். 1,850 ரூபாய்.
- ரெண்டாவது தடவை: புது பேட்டரி. 4,600 ரூபாய்.
- மூணாவது தடவை: ஸ்கேனர் போட்டு, ஆக்ஸிஜன் சென்சார் மாத்தினது. 5,200 ரூபாய்.
- நாலாவது தடவை: இன்ஜெக்டர் கிளீனிங், டேங்க் கிளீனிங். 3,900 ரூபாய்.

மொத்தம் 15,550 ரூபாய். பிரச்சனை அப்படியே இருக்கு. அடுத்ததா "த்ராட்டில் பாடி அசெம்பிளியே மாத்தணும், 16,000 ஆகும், அதுக்கும் சரியாகலன்னா ஈசியூ"ன்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்குத்தான் அவர் கார் லோன் பத்தி என்கிட்ட கேட்டார்.

வேற ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போகச் சொன்னேன். "எதையும் மாத்த வேண்டாம், என்னன்னு கண்டுபிடிச்சு மட்டும் சொல்லுங்க, அதுக்கு என்ன சார்ஜோ வாங்கிக்குங்க"ன்னு சொல்லச் சொன்னேன். அவர் முக்கால் மணி நேரம் பார்த்தார். இன்ஜின்ல இருந்து வர்ற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோற ரப்பர் ஹோஸ்ல, கிளிப் போட்ட இடத்துக்கு அடியில ஒரு வெடிப்பு. மேல இருந்து பார்த்தா தெரியாது. கூடவே த்ராட்டில் பாடி முழுக்க கார்பன். செக்கிங் 500, ஹோஸ் 350, கிளீனிங் 900. மொத்தம் 1,750 ரூபாய். வண்டி சரியாகிடுச்சு.

இதுல யாரும் திருடல. பிளக், ஏர் ஃபில்டர் எப்படியும் மாத்த வேண்டியதுதான். ஆனா அந்த 15,550ல ஒரு ரூபாய் கூட "என்ன கோளாறு?"ங்கிற கேள்விக்குச் செலவாகல.

ஆக்ஸிஜன் சென்சார் ஏன் மாத்தினாங்கன்னு பாருங்க. ஸ்கேனர்ல வந்த கோட் பி0171. அதுக்கு அர்த்தம், கலவையில காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. அவ்வளவுதான். "சென்சார் கெட்டுப்போச்சு"ன்னு அந்தக் கோட் சொல்லல. காத்து அதிகமா இருக்குன்னு ஒழுங்கா ரிப்போர்ட் பண்ணினதே அந்த சென்சார்தான். தகவல் சொன்னவரையே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க!

வருமான வரி கட்டுறவங்களுக்கு இது ஈஸியா புரியும். 143(1) இன்டிமேஷன்ல "உங்க கணக்கும் எங்க கணக்கும் ஒத்துப்போகல"ன்னு வருது. உடனே டிமாண்ட் தொகையைக் கட்டிடுவீங்களா? ஃபார்ம் 16 எடுப்போம், 26ஏஎஸ் எடுப்போம், ஏஐஎஸ் எடுப்போம், எங்க வித்தியாசம்னு தேடுவோம். ஸ்கேனர் கோடும் ஒரு நோட்டீஸ்தான். விசாரணை அங்கதான் ஆரம்பிக்குது.

## "செக்கிங் ஃப்ரீ"ங்கிறதோட விலை

ஒர்க்‌ஷாப் கணக்குகளை நான் பார்த்திருக்கேன். வருமானம் ரெண்டு தலைப்புல வரும். ஒண்ணு பார்ட்ஸ், இன்னொண்ணு லேபர். "கோளாறைக் கண்டுபிடிச்சதுக்கு"ன்னு தனியா ஒரு லைன் இருக்கிறது அபூர்வம். ஏன்னா நாம அதுக்குக் காசு கொடுக்கிறது இல்ல. "சும்மா பார்த்ததுக்கா 500 ரூபாய்?"னு சண்டை போடுவோம். அதே ஆள் 5,000 ரூபாய்க்கு ஒரு பார்ட்டை மாட்டினா மறுபேச்சு இல்லாம ஜிபே பண்ணுவோம்.

இப்போ மெக்கானிக் இடத்துல இருந்து யோசிங்க. முக்கால் மணி நேரம் ஹோஸ் ஹோஸா தேடினா காசு இல்ல. ஒரு பார்ட் மாத்தினா மார்ஜினும் உண்டு, லேபரும் உண்டு. நீங்க அவரா இருந்தா என்ன பண்ணுவீங்க? "இதை மாத்திப் பாப்போம்"ங்கிற வார்த்தை அங்கிருந்துதான் பிறக்குது.

மியூச்சுவல் ஃபண்ட்ல ரெகுலர் பிளான், டைரக்ட் பிளான் பத்தி நம்ம சேனல்ல பல தடவை பேசியிருக்கோம். அட்வைஸ் ஃப்ரீயா வந்தா, அதுக்கான காசு ப்ராடக்ட்ல ஒளிஞ்சிருக்கும். கார் ரிப்பேரும் அதே கதைதான். அதனால செக்கிங் சார்ஜ் கேட்கிற மெக்கானிக்கைப் பார்த்தா கோபப்படாதீங்க. அவர்கிட்ட வண்டியை விடுங்க.

## என்ன சொல்லி வண்டியை விடணும்?

"வண்டி ஆஃப் ஆகுது, பாருங்கண்ணா"ன்னு சாவியைக் கொடுத்துட்டு ஆபீஸ் போயிடுறோம். மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணும்போது அது சமர்த்தா ஓடும். எப்போ ஆஃப் ஆகுதுங்கிறதுதான் பாதி பதில், அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் போன்ல குறிச்சு வைங்க.

காலையில குளிர்ந்த இன்ஜின்ல மட்டுமா? கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், ஐடில் கன்ட்ரோல் வால்வ், பழைய பிளக், இதெல்லாம் முதல் சந்தேகம். இன்ஜின் குளிர்ந்திருக்குன்னு ஈசியூக்குத் தெரியலன்னா, தேவையான பெட்ரோலைக் கொடுக்காது.

நல்லா சூடான பிறகு மட்டுமா? ஒரு மணி நேரம் ஓட்டின பிறகு திடீர்னு அணைஞ்சு, அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுதுன்னா, கிராங்க் பொசிஷன் சென்சார், இக்னிஷன் காயில், ஃப்யூயல் பம்ப் பக்கம் பார்க்கணும்.

ஏசி போட்டா மட்டுமா? ஏசி லோட் வரும்போது ஈசியூ கொஞ்சம் கூடுதல் காத்து கொடுத்து ஐடிலை ஏத்தணும். த்ராட்டில் பாடியிலயோ ஐடில் வால்விலயோ கார்பன் அடைச்சிருந்தா அது நடக்காது. இந்த வகைப் பிரச்சனையில பாதிக்கு மேல கிளீனிங்கிலயே முடிஞ்சிடும்னு அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வாங்க.

ஆர்பிஎம் முள் தானா ஏறி இறங்குதா? பிரேக் அமுக்கும்போது மாறுதா? வேக்குவம் ஹோஸ்ல கசிவு இருக்கான்னு பாருங்க. பிரேக் அமுக்கும்போது மட்டும் மாறினா, பிரேக் பூஸ்டருக்குப் போற லைனைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க.

வண்டி முழுக்க உதறுதா? ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்கா இருக்கலாம். பிளக், காயில், இன்ஜெக்டர். காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாத்தி மாட்டிப் பார்த்தா, கோளாறும் அதோட கூடவே போகுதான்னு தெரியும். இதுக்குப் புதுப் பார்ட் வாங்கவே வேண்டாம்.

ஆஃப் ஆகும்போது டேஷ்போர்டு லைட்டும் மங்குதா? பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், ஆல்டர்னேட்டர். முதல்ல டெர்மினல் டைட்டா இருக்கான்னு பாருங்க, அதுக்குச் செலவே இல்ல.

பேட்டரி மாத்தின மறுநாள்ல இருந்தா? பல கார்கள்ல பேட்டரியைக் கழட்டினா, ஈசியூ கத்து வச்சிருந்த ஐடில் அளவு அழிஞ்சிடும். மறுபடி கத்துக்கிற வரைக்கும் ஆஃப் ஆகலாம். த்ராட்டில் பாடி கிளீன் பண்ணின பிறகும் இதே நடக்கலாம். ஸ்கேனர்ல ரீசெட் பண்ணினா போதும்.

பெட்ரோல் போட்ட உடனேயா? பெட்ரோல் ஆவியைக் கட்டுப்படுத்துற பர்ஜ் வால்வ் திறந்தே மாட்டிக்கிட்டிருக்கலாம். இல்லன்னா பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கலாம். இப்போ நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். பழைய வண்டிகள்ல சில ரப்பர் பார்ட்ஸையும் கேஸ்கட்டையும் முன்கூட்டியே மாத்த வேண்டி வரலாம்னு மத்திய அரசே 2025ல சொல்லியிருக்கு. வாரக்கணக்கா ஓட்டாம நிறுத்தி வைக்கிற வண்டின்னா இதை மனசுல வச்சுக்குங்க.

## செலவோட வரிசை

கோளாறு எதுன்னு உறுதியா தெரியாத வரைக்கும், கம்மி செலவுல இருந்து மேல போகணும். இதுதான் என் ரூல். விலையெல்லாம் தோராயம், ஊரையும் மாடலையும் பொறுத்து மாறும்.

1. செலவே இல்லாதது: பேட்டரி டெர்மினல், எர்த், ஹோஸ் எல்லாம் கண்ணால பார்க்கிறது, சமீபத்துல யார் எதைத் தொட்டாங்கன்னு யோசிக்கிறது.
2. ஆயிரத்துக்குள்ள: செக்கிங் சார்ஜ், ஸ்கேன், ஏர் ஃபில்டர். இந்தியாவுல பிஎஸ்-4 கார்களுக்கு 2013ல இருந்து ஓபிடி-2 கட்டாயம். அதனால உங்க வண்டி அதுக்கு அப்புறம் வந்ததுன்னா, 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர்லயே கோட் படிக்கலாம்.
3. ரெண்டாயிரத்துக்குள்ள: த்ராட்டில் பாடி கிளீனிங், ரீசெட், ஹோஸ், பிளக் செட்.
4. அதுக்கு மேல: காயில், சென்சார், பேட்டரி, ஃப்யூயல் பம்ப். இதுல எதையும் டெஸ்ட் பண்ணாம மாத்தாதீங்க. பம்புக்குப் பிரஷர் கேஜ் இருக்கு, பேட்டரிக்கு லோட் டெஸ்ட் இருக்கு, சென்சாருக்கு மல்டிமீட்டர் இருக்கு. "ரீடிங் என்ன வந்துச்சுண்ணா?"ன்னு கேளுங்க. ரீடிங் சொல்ல முடியலன்னா அது யூகம்.
5. கடைசியா: த்ராட்டில் பாடி அசெம்பிளி, ஈசியூ. இந்த லெவல் வந்தா ரெண்டாவது ஆள்கிட்ட கட்டாயம் கருத்துக் கேளுங்க.

இன்னும் மூணு பழக்கம். மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்கிக்குங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்க, அப்போதான் எது சரி பண்ணுச்சுன்னு தெரியும். பில் வாங்குங்க. சம்பளக்காரருக்கு ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்காதுதான், ஆனா பார்ட்டுக்கு வாரண்டி கேட்க அந்தப் பில்தான் ஆதாரம்.

ஒரு "குறுக்கு வழி" பத்தியும் சொல்லணும். சில இடத்துல எதையும் தேடாம ஐடிலை மட்டும் ஏத்தி விட்டுடுவாங்க. சிக்னல்ல ஆஃப் ஆகாது, நீங்களும் சந்தோஷமா வீட்டுக்குப் போவீங்க. ஆனா கோளாறு அப்படியே இருக்கும், கூடவே பெட்ரோலும் அதிகமா போகும். கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற மாதிரிதான் இது. போன் கால் நிக்கும், கடன் நிக்காது.

## இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க

நிக்கும்போது ஆஃப் ஆகிறது வேற, ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆஃப் ஆகிறது வேற.

ஓடும்போது இன்ஜின் அணைஞ்சா பவர் ஸ்டியரிங் கனமாகிடும். பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் லேசா பிரேக் பிடிக்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிடும். பிரேக் வேலை செய்யும், ஆனா முழு பலத்தோட மிதிக்கணும். ஜிஎஸ்டி ரோட்டுலயோ, ஏற்காடு, ஊட்டி மாதிரி மலைப்பாதையிலயோ, பின்னாடி லாரி வரும்போதோ இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

அதனால ஓடும்போது ஒரே ஒரு தடவை அணைஞ்சாலும், சரி பண்ணின பிறகுதான் வண்டியை எடுக்கணும். இங்க 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் இல்ல. இதுக்காக இன்சூரன்ஸை நம்பவும் முடியாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு மாதிரி சம்பவங்களுக்குத்தான். தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன், இதெல்லாம் அதுல வராது. ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா டோ பண்ணிக் கொண்டுபோக உதவும். பழைய வண்டிக்கு அது வொர்த்.

## "வண்டி விலையே ஒன்றரை லட்சம்"

நான் அடிக்கடி கேட்கிற வசனம் இது: "சார், வண்டி வித்தாலே ஒன்றரை லட்சம்தான் போகும். அதுல போய் 20,000 செலவு பண்ணணுமா?"

கேட்க நியாயமா இருக்கு. ஆனா ஒப்பிடுறதே தப்பு. ரிப்பேர் செலவை வண்டி விலையோட ஒப்பிடக் கூடாது. அந்த வண்டிக்குப் பதிலா நீங்க என்ன பண்ணப் போறீங்களோ, அதோட ஒப்பிடணும்.

ஒரு கணக்கு போடலாம். ஷோரூம் விலை 7 லட்சம், ஆன் ரோடு 8 லட்சம்னு வச்சுக்குவோம். 2 லட்சம் கையில இருந்து, 6 லட்சம் லோன், 10 சதவீதம் வட்டி, 5 வருஷம்.

- இஎம்ஐ: சுமார் 12,750 ரூபாய்.
- 5 வருஷத்துல கட்டுற வட்டி மட்டும்: சுமார் 1,65,000 ரூபாய். அதாவது வருஷத்துக்கு 33,000.
- தேய்மானம்: இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஐடிவி கணக்குப் போடப் பயன்படுத்துற அட்டவணைப்படி, 5 வருஷம் முடியும்போது 50 சதவீதம் கழிச்சிடுவாங்க. மார்க்கெட் விலை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா அளவுகோலுக்கு இது போதும். 7 லட்சத்துல பாதி 3.5 லட்சம். வருஷத்துக்கு 70,000.

வட்டியும் தேய்மானமும் சேர்த்து வருஷத்துக்கு 1,03,000 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் இதுல சேரல. ரோட் டாக்ஸும் சேரல. கார் லோன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமான்னும் கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்குப் பெட்ரோல் கார் வாங்குற சம்பளக்காரருக்குக் கிடையாது, பழைய ரெஜீம்லயும் கிடையாது.

இப்போ பழைய வண்டிக்கு வாங்க. வருஷத்துக்கு 30,000, ஏன் 40,000 ரிப்பேருக்குப் போனாலும், புது வண்டி சத்தமே இல்லாம எடுத்துக்கிற தொகையில அது பாதி கூட இல்ல. வித்தியாசம் என்னன்னா, ரிப்பேர் செலவு வலிக்கும், தேய்மானம் வலிக்காது. ஒர்க்‌ஷாப்ல 8,000 கொடுக்கும்போது கை நடுங்குது. மாசாமாசம் 5,800 ரூபாய் தேய்மானமா கரையுறது யார் கண்ணுக்கும் தெரியறது இல்ல.

2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, அதனால இப்போ வாங்கினா லாபம்னு நிறைய பேர் சொல்றாங்க. உண்மைதான், குறைஞ்சிருக்கு. ஆனா வாங்க வேண்டிய தேவையே இல்லாத ஒண்ணு விலை குறைஞ்சா, அது சேமிப்பு ஆகாது. அதே தேதியில இருந்து கார் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதை யாரும் விளம்பரம் போடல!

ரிப்பேர் வலிக்குதுங்கிறதுக்கு என்கிட்ட ஒரு எளிய மருந்து இருக்கு. பழைய வண்டி வச்சிருக்கிறவங்க மாசம் 2,500 ரூபாய் ஒரு ஆர்டியில போடுங்க. பேரு "கார் ஃபண்ட்". வருஷத்துக்கு 30,000. ஒர்க்‌ஷாப் பில் வந்தா அதுல இருந்து கட்டுங்க, சம்பளத்துல இருந்து வேண்டாம். பில் வராத வருஷம் மிச்சமாகிறது அடுத்த காரோட டவுன் பேமென்ட்.

## அப்போ எப்பத்தான் விக்கிறது?

பழைய காரைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு நான் சொல்லல. விக்க நல்ல காரணங்கள் இருக்கு.

பாதுகாப்பு. ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேகும் இந்தியாவுல எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019லதான். உங்க வண்டியில ரெண்டும் இல்ல, குழந்தையை வச்சுக்கிட்டு ஹைவேல அடிக்கடி போறீங்கன்னா, அது ஒரு உண்மையான காரணம். ஐடிலிங் நல்லா இருந்தாலும் இந்தக் காரணம் மாறாது.

இன்ஜினே தேஞ்சு போனது. கம்ப்ரஷன் டெஸ்ட்ல சிலிண்டர் வீக்னு ரீடிங் வருது, ஆயில் குடிக்குது, நீலப் புகை வருது. இங்க ஹோஸ் மாத்தி பிரயோஜனம் இல்ல.

பாடி துரு. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்கள்ல அடித்தளமே அரிச்சிருக்கும். துருவுக்குச் செலவு பண்றது ஓட்டை வாளியில தண்ணி ஊத்துறது மாதிரி.

15 வருஷம் நெருங்குது. தனியார் காருக்கு 15 வருஷம் முடிஞ்சா எஃப்சி பார்த்து ஆர்சியைப் புதுப்பிக்கணும். புதுப்பிப்புக் கட்டணம் 600ஆ இருந்தது, 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆயிடுச்சு. பசுமை வரி, எஃப்சிக்கு முன்னாடி பண்ற டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவு பண்ணுங்க. டெல்லியில இருக்கிற வயசுக் கட்டுப்பாடு தமிழ்நாட்டுல இல்ல. "15 வருஷம் ஆனா ஸ்கிராப்தான்"னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க.

அப்படி விக்கிறதா முடிவு பண்ணினாலும், ஐடிலிங்கைச் சரி பண்ணிட்டு வித்துடுங்க. வாங்க வர்றவர் ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுவார். அணைஞ்சுதுன்னா அவர் மனசுல "ஹோஸ் 350 ரூபாய்"னு ஓடாது, "இன்ஜின் வேலை"ன்னுதான் ஓடும். உங்களுக்குத் தெரியாத கோளாறுக்கு விலை போடுறது அவர்தான், அதுவும் அவருக்குச் சாதகமாத்தான் போடுவார். 1,750 ரூபாய் வேலைக்காக 25,000 ரூபாயை இறக்கிக் கொடுக்காதீங்க.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வர்றேன். வண்டி சரியான பிறகும் அவர் புது கார் ஆசையை விடல. விட வேண்டியதும் இல்ல. ஆனா முடிவு எடுக்கிற இடம் மாறிடுச்சு. 38,000 சம்பளத்துல 12,750 இஎம்ஐ போனா மிச்சம் 25,250. வாடகையும் வீட்டுக்கு அனுப்புறதும் போக எஸ்ஐபியை நிறுத்தணும். அந்தக் கணக்கை இப்போ அவசரம் இல்லாம, சாயந்திரம் டீ குடிச்சுக்கிட்டே போட முடிஞ்சுது. ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்கார்.

உங்க வண்டியும் இப்படி ஆஃப் ஆகுதுன்னா, இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க மெக்கானிக்குக்கு இதை வாட்ஸ்அப்ல அனுப்புங்க: "அண்ணா, வண்டி இந்த மாதிரி நேரத்துல ஆஃப் ஆகுது. எதையும் மாத்த வேண்டாம். என்ன காரணம்னு பார்த்து, எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. பார்க்கிறதுக்கு என்ன சார்ஜோ தர்றேன்." அவர் எப்படிப் பதில் சொல்றார்னு பாருங்க. அவர்கிட்ட வண்டியை விடலாமா வேண்டாமான்னு அதுலயே தெரிஞ்சிடும்.